ஆள் ஏற்றுகிற சைக்கிள்

முதுகு கெட்டவன் சைக்கிள் வாங்கப் போனால் முதலில் சீட்டைத் தொட்டுப் பார்ப்பான், பிறகு ஹேண்டில் எவ்வளவு உயரம் என்று பார்ப்பான். ஈப்போ பக்கத்து ஜெலாப்பாங் சைக்கிள் கடைக்குள் நுழைந்த அப்பாவு நேராகப் போய் ஒரு பெரிய கறுப்புச் சைக்கிளின் பின் கேரியரை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கினார். கேரியர் அசையவில்லை. மனிதருக்கு முகமெல்லாம் திருப்தி. கடை முதலாளியான சீனத் தௌகேவுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

"என்னா ஏத்துறது? கேஸ் சிலிண்டர் தோங்கா?" என்று தௌகே கேட்டார். தோட்டங்களைச் சுற்றிச் சைக்கிள் விற்றுப் பழகியவர். தமிழையும் மலாயையும் கலந்துகட்டிப் பேசுவார்.

"ஆளு ஏத்தணும்."

"யாரு?"

"என் சம்சாரம்."

தௌகே அவரை மேலும் கீழும் பார்த்தார். ஒரு கை இடுப்பில், ஒரு தோள் ஏறி, ஒரு தோள் இறங்கி நின்றார் அப்பாவு. இந்த ஆள் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து இறக்குவதே சந்தேகம். "ஒங்களுக்கு இடுப்பு சாக்கித் லா" என்றார் தௌகே. சாக்கித் என்றால் நோவு, அதைக் கண்டுபிடிக்க டாக்டர் வேண்டியதில்லை.

அது எண்பத்து மூன்றாம் வருஷம். அப்பாவு சைக்கிளில் ஏறிப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. கோப்பெங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் புருஷனும் பெண்டாட்டியும் ரப்பர்ப் பால்மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் இருளாயிக்குக் காய்ச்சல். அப்பாவு தன் பாலை ஸ்டோரில் இறக்கிவிட்டு, அவளுடைய இரண்டு வாளிகளையும் எடுத்துவர மறுபடி மேடு ஏறினார். தோளில் காண்டாகம்பு, அதன் இரண்டு முனையிலும் வாளி, தலைக்கு மேல் மழை. இறங்கும்போது வழுக்கியது. அன்றோடு முதுகு போயிற்று. சைக்கிளைத் தொடவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பிறகு தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள், இருவரும் ஜெலாப்பாங்கில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அவருக்குப் பலகைக் கிடங்கில் பகலில் காவல் காக்கிற ஜாகா வேலை, நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். இருளாயிக்குப் பாக்டரியில் நின்றுகொண்டே செய்கிற வேலை.

அப்பாவு குடிகாரரில்லை, கை நீட்டுகிறவருமில்லை. அவரிடம் இருந்த கோளாறு ஒன்றுதான். யார் எதைப் பற்றிப் பேசினாலும் பேச்சைச் சுற்றி வளைத்து முதுகில் கொண்டுவந்து நிறுத்துவார். "இவ வாளியத் தூக்கப் போயித்தான் இந்த முதுகு போச்சு" என்பார். பஸ் கண்டக்டருக்குத் தெரியும், மருந்துக்கடைக்காரருக்குத் தெரியும், பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பையன்கள்கூட அதைத் தமிழிலேயே சொல்லிக் காட்டுவார்கள். அவர் கோபமாகவும் சொல்வதில்லை, குத்திக்காட்ட வேண்டும் என்றும் சொல்வதில்லை. இன்று வெயில் அதிகம் என்று சொல்கிற மாதிரிதான் சொல்வார். கேட்கிறவர்களுக்கு எரிச்சல் வருவதே அதனால்தான். கோபத்தில் சொன்னதென்றால் மறுநாள் மறந்துபோகும்.

பங்குனியில் செம்மோரில் மகள் நவமணி வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. எல்லாரும் தரையில் இலை போட்டு உட்கார, அப்பாவுக்கு மட்டும் நாற்காலி வந்தது. ஏன் நாற்காலி என்று சம்பந்தி வீட்டு ஆள் ஒருவர் கேட்டுத் தொலைத்தார். அப்பாவு சொன்னார். பரிமாறிக்கொண்டிருந்த இருளாயி கையில் சாம்பார் வாளியோடு நின்று முழுவதையும் கேட்டாள். பதினொரு வருஷமாகக் கேட்டதுதான். ஆனாலும் அன்று சாயங்காலம் பஸ் வந்தபோது அவள் ஏறவில்லை. "நீங்க போங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அப்பாவு ஏன் என்று கேட்கவில்லை. அவரைப் பொறுத்தவரை அது கோவித்துக்கொண்டு போனது. கோவித்துக்கொண்டு போனவளுக்குத் தோட்டத்தில் ஒரு வழிமுறை இருந்தது. கோபத்தில், லயத்து வரிசையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போன பெண்டாட்டியை, புருஷன்காரன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டு போய் அழைக்க வேண்டும். அவள் முதலில் மாட்டேன் என்பாள். பிறகு கேரியரில் ஒரு பக்கமாக உட்காருவாள். லயத்துச் சனமெல்லாம் வாசலில் நின்று பார்க்க, மணியடித்துக்கொண்டே கூட்டிவர வேண்டும். அதற்குப் பிறகு யாரும் அந்தச் சண்டையைப் பற்றிப் பேசக்கூடாது. தானாக நடந்து வந்தவளுக்கும் பஸ்ஸில் வந்தவளுக்கும் அந்த மரியாதை கிடையாது. "போக்கிடமில்லாம வந்துட்டா" என்று குழாயடியில் பேசுவார்கள்.

ஜெலாப்பாங்கில் லயமும் இல்லை, குழாயடியும் இல்லை. இடது பக்கம் சீனக் குடும்பம், வலது பக்கம் மலாய்க் குடும்பம். இருளாயி எதில் வந்து இறங்கினால் அவர்களுக்கு என்ன? இதெல்லாம் அப்பாவுக்கு உறைக்கவில்லை. பதினொரு வருஷம் கழித்துச் சைக்கிள் கடைக்குப் போய் நின்றார்.

தௌகே நல்ல மனிதர். முதலில் ஒரு ரேஸ் சைக்கிளைக் காட்டினார். ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டிலைப் பிடிக்கக் குனிந்த அப்பாவு நிமிரவில்லை. அவரை நிமிர்த்தத் தௌகேவின் மனைவியும் அடுப்பை விட்டுவிட்டு வரவேண்டியதாயிற்று. அடுத்து அந்தக் கறுப்புச் சைக்கிள். குறுக்குக் கம்பிக்கு மேலே கால் தூக்க முடியவில்லை. வாசல் படியில் ஏறி நின்று, சைக்கிளைச் சாய்த்து, எப்படியோ ஏறினார். கடைக்கு முன்னால் ஒரு வட்டம் ஓட்டியதற்குள் பள்ளம் ஒவ்வொன்றும் முதுகெலும்பில் ஏறி வந்தது. "ரோடு சரியில்ல" என்றார் அப்பாவு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

கடைசியாகத் தௌகே ஒரு பெண்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். நடுக்கம்பி தாழ்ந்து வளைந்தது. ஹேண்டில் உயரமாக, உட்கார்ந்தவன் நெஞ்சை நோக்கி வளைந்து வந்தது. சீட்டுக்கு அடியில் தடித்த ஸ்பிரிங். உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் தரையில் ஊன்றலாம். "முதுகு நேரா. கை நீட்ட வேணாம். இது பொலே, ஆவும்" என்றார்.

அப்பாவு வேண்டா வெறுப்பாக ஏறினார். சாலைமுனை வரை போனார், திரும்பவில்லை. மறு சாலையையும் சுற்றினார். காற்று சட்டைக்குள் புகுந்தது. முதுகு என்று ஒன்று இருப்பதே அவருக்குக் கொஞ்ச நேரம் மறந்துபோயிருந்தது. முப்பது வயதில் தோட்டத்துச் செம்மண் பாதையில் கை விட்டு ஓட்டியது நினைவு வந்து, ஐம்பத்தாறு வயது ஆள் தனியாகச் சிரித்தார். கடைக்குத் திரும்பியபோது அவர் முகத்தைப் பார்த்துத் தௌகே பேரம் முடிந்தது என்றே நினைத்தார்.

"இதுல பின்னால ஆளு ஏத்தலாமா?"

"சின்னப் பிள்ள பொலே. பெரிய ஆளு தா பொலே, ஆவாது. கேரியர் ஒடைஞ்சி போகும்."

அப்பாவு இறங்கினார். அந்தச் சைக்கிளை ஒரு தடவை தடவிப் பார்த்தார். "கறுப்புதான் வேணும்" என்றார்.

தௌகே தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் தன்னால் ஆனதைச் செய்தார். பழைய ஹேண்டிலைக் கழற்றி, உயரமாக நெஞ்சுக்கு வளைந்துவரும் ஹேண்டிலை மாட்டினார். ஸ்பிரிங் சீட்டைப் பொருத்தி, எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கினார். ஆண் சைக்கிளும் இல்லாமல் பெண் சைக்கிளும் இல்லாமல் ரெண்டுங்கெட்டானாக ஒன்று வந்து நின்றது. "ஒத்த ஆளு, மெல்லமா, பொலே. ரெண்டு ஆளுக்கு நான் சொல்ல மாட்டேன்" என்று கையை உதறிவிட்டார்.

அப்பாவு அவசரப்படவில்லை. பாரம் ஏற்றுவதைப் படிப்படியாகத்தான் பழக வேண்டும் என்பது பால் சுமந்தவருக்குத் தெரியும். ஈயம் தோண்டிய பழைய லம்பத்து மணல் அந்தப் பக்கம் மலையாகக் கிடந்தது. கேரியரில் ஒரு கோணிச்சாக்கைக் கட்டினார். குனியாமல் அள்ளுவதற்கு மணல்மேட்டின் சரிவில் சைக்கிளை நிறுத்தி, மைலோ டின்னால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார். முதல் வாரம் பத்துக் கட்டி, அதாவது ஆறு கிலோ. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். இருளாயி எண்பது கட்டி இருப்பாள். தோட்டத்து ஸ்டோர் தராசில் ஒரு தரம் விளையாட்டாக ஏறி நின்றபோது கணக்கு எழுதுகிற கிராணி சொன்ன எடை அது.

வேலை முடிந்து தினமும் பந்து மைதானத்தைச் சுற்றுவார். சேலை கட்டினவளுக்குத் தோதாக இருக்கட்டும் என்று சாக்கின் மேல் ஒரு துணியையும் மடித்துப் போட்டிருந்தார். திருப்பம் வந்தால், "கெட்டியாப் புடிச்சுக்க புள்ள, பள்ளம் வருது" என்பார். மைதானத்துப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களைத் திட்டுவார். திட்டிவிட்டு மறுபடி சாக்கோடு பேசுவார். வீட்டில் பேசுவதற்கு அதுகூட இல்லையே.

வீட்டில் ரேடியோ இருந்தது. சாடின் மீன் டின் இருந்தது. காலையில் இருளாயி முதுகில் எண்ணெய் தேய்த்துவிட்டால்தான் அவருக்கு நிமிர வரும். அவள் இல்லாததால், கதவு நிலையில் எண்ணெயைத் தடவி அதில் முதுகைச் சாய்த்து ஏறி இறங்குவார். நிலை பளபளவென்று ஆகிவிட்டது, முதுகு அப்படியேதான் இருந்தது. காலுறை போடுவதை விட்டுவிட்டார். சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே நுழைகிற அந்த நேரம்தான் மிகக் கஷ்டம். "இருளாயி" என்று ஒன்றிரண்டு தரம் கூப்பிட்டும் பார்த்தார். தன் குரலைக் கேட்க அவருக்கே பயமாக இருந்தது.

பேச ஒரே ஆள் சாப்பாட்டுக்கடை ஷரபுதீன். சாக்குச் சவாரியைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"ஏண்ணே, பஸ்ல போயிக் கூட்டியாந்தா என்னா? ஈப்போவுல மாறுனா செம்மோரு. ஒரு மணி நேரம்லா."

"பஸ்ல போயா? என்னா பாய் பேசுறீங்க. அவளுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

"மரியாதை சைக்கிள்லயா இருக்கு?"

"ஒங்களுக்குத் தெரியாது பாய். நீங்க தோட்டத்துல இருந்ததில்ல."

மருமகன் சன்னாசியும் ஒரு தரம் மோட்டார் சைக்கிளில் வந்து, கருவாட்டுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, "மாமா, ஒரு நடை வந்துட்டுப் போங்க" என்று சொன்னார். "வாரேன் மாப்புள்ள. இன்னும் கொஞ்சம் பழகணும்" என்றார் அப்பாவு. என்ன பழக வேண்டும் என்று மருமகனுக்கு விளங்கவில்லை. மாமனாரிடம் அதைக் கேட்கவும் கூச்சம்.

ஆடி பிறந்து, சாக்கு எண்பது கட்டியைத் தொட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மணலைக் கொட்டிவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கேரியரில் துணியை நான்காக மடித்துக் கட்டி, அப்பாவு செம்மோருக்குக் கிளம்பினார். இரண்டு மேட்டில் இறங்கித் தள்ளினார். வேலியில் சாய்ந்து மூச்சு வாங்கினார். லாரி ஒன்று ஒதுக்கியதில் சைக்கிள் சாலையோரப் பள்ளத்தில் இறங்க, முதுகில் யாரோ ஆணி அடித்ததுபோல் ஆனது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் போய்ச் சேர்ந்தார். மகள் வீட்டு வாசலில் மணியடித்தபோது அவருக்கு மணமேடை ஏறுகிற மாப்பிள்ளையின் பெருமை.

மகள் நவமணிதான் வந்தாள். "என்னாப்பா இது, சைக்கிள்லயா!" என்று ஓடிவந்து ஹேண்டிலைப் பிடித்தாள். இறங்க முடியாமல் அவர் அவள் தோளைப் பற்றிக்கொண்டார். பின்னால் இருளாயி வந்தாள். கையில் பேத்தியின் சட்டை, பாதி துவைத்தது. கொஞ்சம் சதை பிடித்திருந்தாள். அவரையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தாள். கேரியரில் மடித்திருந்த துணியைப் பார்த்ததும் அவளுக்குச் சட்டென்று கண் கலங்கியது. தோட்டத்தில் பிறந்தவளுக்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"ஏறு புள்ள, போலாம்."

அவள் கையிலிருந்த சட்டையைப் பிழிந்தாள். மாட்டேன் என்பாள் என்று தெரிந்துதானே வந்தார். அவர் தொடர்ந்தார். "பயப்படாத. எம்பது கட்டி மணலு வச்சு ஓட்டிப் பழகியிருக்கேன். ஒண்ணும் ஆவாது."

"மணலா?" இருளாயி சிரித்துவிட்டாள். "எத்தன நாளா?"

"சித்திரைலருந்து."

சிரிப்பு நின்றது. "சித்திரைலருந்து மணலக் கூட்டிக்கிட்டுத் திரிஞ்சீங்களா?"

நவமணி குறுக்கே புகுந்தாள். "அம்மா ஆரம்பத்துல பையக் கட்டி வச்சிருந்தாங்கப்பா. அந்த முக்குல பஸ் நிக்கிற சத்தம் கேட்டாப் போதும், வாசலுக்கு வந்து பாப்பாங்க. ஒவ்வொரு பஸ்ஸுக்கும்."

"நீ சும்மா இரு" என்று மகளை அடக்கினாள் இருளாயி. ஆனால் இல்லை என்று சொல்லவில்லை. அப்பாவு அந்தச் சாலைமுனையைத் திரும்பிப் பார்த்தார். ஒரு பஸ் வந்து நின்று, யாரையோ இறக்கிவிட்டுப் போனது.

"இப்பத்தான் வந்துட்டேனே. ஏறு."

இருளாயி சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு அருகில் வந்தாள். குரலை உயர்த்தவில்லை. "ஏறி ஒக்காந்தேன்னு வைங்க. வழியில ஏதாச்சும் ஒரு மேட்டுல ஒங்களுக்குப் புடிச்சுக்கும். அப்புறம் சாவுற வரைக்கும் அதையும் சொல்லுவீங்க. இவள ஏத்திக்கிட்டு வந்தேன், மிச்சம் இருந்த முதுகும் போச்சுன்னு."

"சொல்ல மாட்டேன்."

"அன்னைக்கு என் வாளியத் தூக்குங்கன்னு நான் கேக்கல. நீங்களா போனீங்க. காய்ச்சல்ல கெடந்தாலும் எனக்கு அவ்ளோ சந்தோசமா இருந்துச்சு, எம் புருசன் எனக்காக மேடு ஏறுறாருன்னு. அந்தச் சந்தோசத்த நீங்க வச்சுக்க வுடல." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு வாளிய நீங்க ஒரு நாளு தூக்குனீங்க. நான் பதினோரு வருசமாத் தூக்குறேன். இங்க வந்துதான் எறக்கி வச்சேன். திரும்பத் தூக்க எனக்குத் தெம்பு இல்ல."

அப்பாவு சைக்கிளில் சாய்ந்துகொண்டார். நடுமுதுகு விண்விண்ணென்று தெறித்தது. அவர் நின்ற கோணலைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்தது. உள்ளே கூட்டிப்போய்ப் பாயில் குப்புறப் படுக்கவைத்து, எண்ணெயைச் சூடுகாட்டித் தேய்த்துவிட்டாள். எப்போதும் போலக் கட்டைவிரலால் எலும்பின் இரண்டு பக்கமும் இறக்கினாள். பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவர் அழுதார். அவளுக்குத் தெரிந்திருக்கும். கை மட்டும் நிற்கவில்லை.

சோறு போட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டார். "பஸ்ல போங்க. சைக்கிள மாப்புள்ள கொண்டாந்து குடுப்பாரு" என்றாள் இருளாயி. "வேணாம்" என்று ஏறினார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாதே. அவள் வாசல் வரை வந்து, கேரியரில் அவிழ்ந்திருந்த துணியை இழுத்து முடிந்துவிட்டுப் போனாள்.

திரும்பும்போது பின்னால் பாரமில்லை. சைக்கிள் லேசாகத்தான் ஓடியது. ஆனாலும் மேடு வந்தபோதெல்லாம் இறங்கிவிட்டார். இறங்கிய இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். ஒரு திருப்பத்தில் பழக்கதோஷத்தில், "புடிச்சுக்க" என்று வாயில் வந்தது. அதன் பிறகு வழியெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டே வந்தார்.

ஜெலாப்பாங் வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. பூட்டிய வீட்டுக்குப் போக மனமில்லாமல் ஷரபுதீன் கடை முன்னால் சைக்கிளை நிறுத்தினார். இறங்க முடியவில்லை. ஷரபுதீன் ஓடிவந்து தாங்கிப் பிடித்து, பெஞ்சில் உட்காரவைத்தார்.

"யா அல்லா, என்னாண்ணே இப்புடி வளைஞ்சு போயிட்டீங்க?"

"இருளாயியக் கூப்புடப் போனேன் பாய். அவளுக்காகப் போயித்தான் இந்த முதுகு..."

வாய் அங்கேயே நின்றுவிட்டது. மீதியைக் கேட்க ஷரபுதீன் காத்திருந்தார். அவளைப் பற்றி வேறு ஏதாவது சொல்லலாம் என்று அப்பாவு தேடிப் பார்த்தார். பதினொரு வருஷத்தில் அந்த ஒரு பேச்சைத் தவிர மனைவியைப் பற்றித் தான் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.